வளரும் நாடு வெளியுறவுக் கொள்கையை எங்கிருந்து வகுக்கத் தொடங்குவது?

கேள்வி இதுதான்: வருமானம் குறைந்த, படைபலம் பெரிதாக இல்லாத, வெளியுறவுச் சேவையில் சில நூறு பேரை மட்டுமே வைத்திருக்கும் ஒரு நாடு தன் வெளியுறவுக் கொள்கையைப் புதிதாக வகுக்க நினைத்தால் எதில் தொடங்க வேண்டும்? எந்த வல்லரசின் பக்கம் நிற்பது என்று முதலில் தீர்மானித்துவிட்டால் மற்றவை தாமாக வந்துவிடாதா?

வராது. பக்கம் எடுப்பது பற்றிய விவாதம் பத்திரிகைகளுக்கு ருசியானது. சிறிய வெளியுறவு அமைச்சகத்தின் அன்றாடத் தலைவலியோ ஆளும் நேரமும் போதாததுதான். ஜெனீவாவில் ஒரே நாளில் உலக வர்த்தக அமைப்பில் ஒரு குழு கூடும், உலக சுகாதார அமைப்பில் ஒன்று, மனித உரிமைகள் மன்றத்தில் இன்னொன்று. பெரிய நாடு மூன்றுக்கும் தனித்தனியே ஆள் அனுப்பும். இரண்டே அதிகாரிகள் உள்ள தூதரகம் எதற்குப் போவது, எதை விடுவது என்று காலையிலேயே முடிவு செய்தாக வேண்டும். தலைநகரிலிருந்து முன்னுரிமை எழுத்தில் வரவில்லையென்றால் அந்த முடிவை எடுப்பவர் அங்கிருக்கும் இளநிலை அதிகாரிதான். ஆகவே கொள்கை என்பது முதலில் ஓர் ஒதுக்கீட்டு முடிவு: இருக்கிற ஆளையும் காசையும் எங்கே போடுகிறோம், எதைத் தெரிந்தே கைவிடுகிறோம். இதற்கு விடை எழுதாமல் வெளியிடப்படும் கொள்கை அறிக்கை எதுவும் முதல் நெருக்கடிக்கே தாங்காது.

முதலில் ஒரு சார்புப் பட்டியல்

அறிக்கை எழுத உட்காரும் முன் ஓர் அட்டவணை போட வேண்டும். எரிபொருள், தானியம், உரம், மருந்து, ராணுவ உதிரிபாகம், துறைமுகம், கடலடிக் கேபிள், வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பும் பணம், நம் ஏற்றுமதியை வாங்குபவர், நமக்குக் கடன் கொடுத்தவர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் நான்கு விவரங்கள் வேண்டும்: எத்தனை சதவீதம் ஒரே நாட்டிலிருந்தோ ஒரே நிறுவனத்திலிருந்தோ வருகிறது, எந்த வழியாக வருகிறது, நின்றுபோனால் கையிருப்பு எத்தனை நாள் தாங்கும், மாற்று ஏற்பாட்டுக்கு எத்தனை மாதம் ஆகும். இந்த எண்கள் வெளியுறவு அமைச்சகத்தில் இருக்காது. சுங்கத்துறை, மத்திய வங்கி, எரிசக்தி அமைச்சகம், துறைமுக நிர்வாகம் என்று துண்டுதுண்டாகச் சிதறிக் கிடக்கும். திரட்டவே சில மாதங்கள் பிடிக்கும். அதில் தயங்கக் கூடாது. அந்த நான்கு அலுவலகங்களும் வெளியுறவு அமைச்சகத்துடன் ஒரே மேசையில் உட்காரப் பழகுவதும் அப்போதுதான்.

நான்கில் அடிக்கடி விடுபட்டுப் போவது கையிருப்பு நாள் கணக்கு. லெபனானைப் பாருங்கள். 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகம் வெடித்தபோது நாட்டின் முதன்மைத் தானியக் களஞ்சியமும் சிதைந்தது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டபோது லெபனானின் கோதுமையில் பெரும்பகுதி உக்ரைனிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. சேமித்துவைக்க இடமில்லாததால் கையில் இருந்தது ஏறத்தாழ ஒரு மாதச் சரக்கு. எகிப்தும் ரஷ்யாவையும் உக்ரைனையும் பெரிதும் நம்பியிருந்த நாடுதான். ஆனால் அதற்குக் கிடங்கும் சொந்த விளைச்சலும் இருந்ததால் வேறு விற்பனையாளரைத் தேட அவகாசம் கிடைத்தது. ஒரே வகைச் சார்பு, ஆனால் பேரம் பேசும் பலம் ஒன்றல்ல. சில இடங்களில் ஒரு புதிய தூதரகத்தைவிட ஒரு தானியக் கிடங்கு வெளியுறவுக்கு அதிகம் உதவும்.

வழி என்ற விவரத்துக்கு நேபாளம் பாடப்புத்தக உதாரணம். 1989 மார்ச்சில் இந்தியாவுடனான வர்த்தக, போக்குவரத்து ஒப்பந்தங்கள் காலாவதியாகி, எல்லைக் கடவைகளில் இரண்டைத் தவிர மற்றவை மூடப்பட்டன. 2015 செப்டம்பரில் புதிய அரசியலமைப்பு வந்ததும் எல்லையில் மீண்டும் சரக்கு நின்று, மாதக்கணக்கில் எரிபொருள் தட்டுப்பாடு. அதை நேபாளம் இந்தியாவின் முற்றுகை என்றது. நேபாளத்தின் தெற்குச் சமவெளியான தராய்ப் பகுதியில் நடந்த போராட்டத்தால் நின்றது என்றது இந்தியா. 2016இல் நேபாளம் சீனாவுடன் போக்குவரத்து ஒப்பந்தம் போட்டது, 2019இல் அதன் நெறிமுறையும் கையெழுத்தானது. சீனத் துறைமுகங்களைப் பயன்படுத்தும் உரிமை காகிதத்தில் வந்துவிட்டது. ஆனால் அந்தத் துறைமுகங்கள் கொல்கத்தாவைவிடப் பல மடங்கு தொலைவில், இமயமலைக்கு அப்பால் இருக்கின்றன. மாற்று வழிக்கான ஒப்பந்தம் ஒரு பேரச்சீட்டு என்ற அளவில் பயன்படும். லாரி ஓடும் சாலையும் குளிர்காலத்தில் திறந்திருக்கும் சுங்கச்சாவடியும் இல்லாதவரை அதை மாற்று ஏற்பாடு என்று அட்டவணையில் எழுதக் கூடாது.

காலாவதியாகும் தேதிகள்

அடுத்தது பத்தாண்டு நாட்காட்டி. ஒப்பந்தங்கள் முடியும் நாள், வரிச்சலுகைகள் முடியும் நாள், கடன் தவணைகள் குவியும் ஆண்டு, முக்கியக் கூட்டாளிகளின் தேர்தல், எல்லைப் பேச்சுக்கான கெடு எல்லாம் ஒரே தாளில் வர வேண்டும். வெளியுறவு நெருக்கடிகளில் நிறைய, ஆண்டுகளுக்கு முன்பே தேதி குறிக்கப்பட்டவை. யாரும் எடுத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மிகக் குறைந்த வளர்ச்சி பெற்ற நாடுகள் என்ற ஐ.நா. பட்டியலிலிருந்து வெளியேறுவது இதற்கு நல்ல சோதனை. தலா வருமானம், மனிதவளக் குறியீடு, பொருளாதாரப் பாதிப்புக் குறியீடு என்ற மூன்றில் இரண்டில், மூன்றாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மீளாய்வில் தொடர்ந்து இருமுறை தேற வேண்டும். பெருமைதான், கூடவே சலுகைகள் போகும். வங்கதேசம் 2018, 2021 மீளாய்வுகளில் தேறியதும் 2026 நவம்பர் 24 என்று ஐ.நா. பொதுச்சபை நாள் குறித்தது. ஏற்றுமதியில் எண்பது சதவீதத்துக்கு மேல் ஆயத்த ஆடையாக இருக்கும் நாட்டுக்கு ஐரோப்பாவின் வரியில்லாச் சந்தை என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. ஐரோப்பா வெளியேறிய பின்னும் மூன்றாண்டு அவகாசம் தரும். மருந்துக் காப்புரிமையிலோ கதை வேறு: இந்தப் பட்டியலில் உள்ள நாடுகளுக்கு 2033 வரை இருக்கும் விலக்கு, பட்டியலை விட்டு வெளியேறும் நாட்டுக்கு அந்த நாளோடு முடியும். ஆடைக்கு ஒரு தேதி, மருந்துக்கு வேறு தேதி. இரண்டையும் ஒரே தாளில் வைத்துப் பார்த்தால்தான் எந்தத் தலைநகரில் எந்தப் பேச்சை எந்த ஆண்டு தொடங்க வேண்டும் என்று தெரியும். தாராள வர்த்தக ஒப்பந்தம் ஒன்றைப் பேசி முடித்து நடைமுறைக்குக் கொண்டுவர ஐந்தாறு ஆண்டுகள் ஆவது சாதாரணம். வெளியேறிய பிறகு தொடங்கினால் இடைவெளியில் தொழிற்சாலைகள் மூடும்.

சலுகைகளுக்கு நிபந்தனை உண்டு என்பதையும் நாட்காட்டியின் ஓரத்தில் குறித்துவைக்க வேண்டும். ஐரோப்பாவின் கூடுதல் வரிச்சலுகைத் திட்டம் மனித உரிமை, தொழிலாளர், சுற்றுச்சூழல் தொடர்பான 27 சர்வதேச உடன்படிக்கைகளை நடைமுறைப்படுத்துவதோடு பிணைக்கப்பட்டது. இலங்கை 2010 ஆகஸ்டில் அதை இழந்தது. திரும்பப் பெற 2017 மே ஆனது. உள்நாட்டுச் சட்டம் ஒன்றைத் திருத்துவதா வேண்டாமா என்பது ஆடைத் தொழிற்சாலையின் ஆர்டர் புத்தகத்தில் போய் முடியும். நீதி அமைச்சகத்துக்கும் வர்த்தக அமைச்சகத்துக்கும் இடையே இந்தக் கம்பி இருப்பது பெரும்பாலும் இருவருக்குமே தெரியாது.

இலக்கு என்று எதை எழுதுவது

"அனைத்து நாடுகளுடனும் நட்புறவு பேணுவோம்" என்ற வகை வாக்கியங்களைத் தூக்கி எறியலாம். ஒரு வாக்கியத்தின் எதிர்மறையை உலகில் எந்த நாடும் சொல்லாது என்றால் அந்த வாக்கியத்தில் சரக்கு இல்லை. நான்கு அல்லது ஐந்து இலக்குகள் போதும். எடுத்துக்காட்டுக்கு ஒன்று: "ஒரே துறைமுகம் வழியாக வரும் எரிபொருளின் பங்கை நான்கு ஆண்டுகளில் பத்தில் ஒன்பதிலிருந்து பத்தில் ஆறாகக் குறைப்பது." இதில் அளவு இருக்கிறது, கெடு இருக்கிறது, யாரோடு பேச வேண்டும் என்பதும் தெரிகிறது. ஒவ்வொரு இலக்குக்கும் பெயர் சொல்லி ஒரு பொறுப்பதிகாரி, ஒரு நிதி வரி, அதற்காக எதைக் கொடுக்கத் தயார் என்ற குறிப்பு, எந்தப் புள்ளியில் எழுந்து வந்துவிட வேண்டும் என்ற கோடு ஆகியவை வேண்டும். கடைசி இரண்டும் ரகசிய இணைப்பில்.

இந்தக் கட்டத்தில் வழக்கமாக நடக்கும் கோளாறு: வரைவு மற்ற அமைச்சகங்களுக்குச் சுற்றுக்குப் போகும், ஒவ்வொன்றும் தன் பங்குக்கு இரண்டு இலக்கைச் செருகும், ஐந்து இருபத்தேழாகத் திரும்பி வரும். தடுக்க ஒரே வழி, புதிதாக ஒன்றைச் சேர்க்கக் கேட்பவர் எதை எடுக்கலாம் என்றும் எழுதித் தர வேண்டும் என்ற விதி. அதைப் பிரதமர் அல்லது குடியரசுத் தலைவர் அலுவலகம்தான் போட முடியும்.

கடன் தாள்களும் முதலீட்டு ஒப்பந்தங்களும்

வளரும் நாடுகளின் சுதந்திரம் உண்மையில் பறிபோகும் இடம் இது. ஆனால் இங்கேதான் வெளியுறவு அமைச்சகத்துக்கு வேலையே இல்லாதது போல நடத்துவார்கள். கையெழுத்து விழாவில் படம் எடுக்கும் நேரத்தில்தான் அழைப்பு வரும்.

வட்டி விகிதத்தை மட்டும் பார்த்துக் கடனை மதிப்பிடுவது போதாது. ஒப்பந்தத்தின் பின்பகுதியில் இருக்கும் பிரிவுகளை எடுத்துப் பாருங்கள். வழக்கு எந்த நாட்டுச் சட்டப்படி, எந்த ஊரில்? (வணிகக் கடன் பத்திரங்களில் பெரும்பாலும் இங்கிலாந்துச் சட்டம் அல்லது நியூயார்க் சட்டம்.) அரசுச் சொத்துக்கு உள்ள சட்டப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கிறோமா? விட்டால், தூதரகக் கட்டடம், ராணுவச் சொத்து, மத்திய வங்கிக் கையிருப்பு மூன்றுக்கும் விலக்கு எழுதியிருக்கிறதா? வேறு ஒரு கடனில் தவணை தவறினால் இந்தக் கடனையும் முழுதாக உடனே திருப்பிக் கேட்கலாம் என்ற பிரிவு உண்டா? ஏற்றுமதி வருமானம் முதலில் வெளிநாட்டு வங்கியில் உள்ள கணக்கில் போய் உட்கார வேண்டுமா? ஒப்பந்த விவரத்தை நாடாளுமன்றத்துக்கே காட்டக் கூடாது என்கிறதா? கட்ட முடியாமல் கடன்களைத் திருத்தி எழுதும் மறுசீரமைப்பு வந்தால் இந்தக் கடனை மற்றக் கடன்களோடு சேர்க்கக் கூடாது என்கிறதா? கடைசி இரண்டு பிரிவுகள் சேர்ந்து வந்தால் ஆபத்து இரட்டிப்பு. நாளை மற்றக் கடன்காரர்கள் "யாருக்கு எவ்வளவு?" என்று கேட்கும்போது பதில் சொல்லவே அனுமதி இருக்காது.

மொசாம்பிக்கில் நடந்தது இதன் உச்சம். 2013, 2014இல் மூன்று அரசு நிறுவனங்கள் நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாத அரசு உத்தரவாதத்தோடு சுமார் 200 கோடி டாலர் கடன் வாங்கின. அதில் பெரும்பகுதி மறைக்கப்பட்டிருந்தது 2016 ஏப்ரலில் வெளியே வந்ததும் சர்வதேச நாணய நிதியமும் வரவுசெலவுத் திட்டத்துக்கு உதவிய நாடுகளும் பணத்தை நிறுத்தின. 2017 ஜனவரியில் நாடு தவணை தவறியது. மறுபுறம், மறைக்காமல் மறுசீரமைப்புக்குப் போனாலும் காலம் இழுக்கும்: ஜாம்பியா 2020 நவம்பரில் தவணை தவறியது, அரசுக் கடன்காரர்களுடன் 630 கோடி டாலர் பற்றிய உடன்பாடு வர 2023 ஜூன் ஆனது, பத்திரதாரர்களுடன் முடிக்க 2024 ஆனது. அந்த மூன்றரை ஆண்டுகள் முழுக்க அந்நாட்டின் வெளியுறவுப் பேச்சு எல்லாம் கடன் பேச்சுத்தான். கடன்காரர் எல்லோருக்கும் ஒரே அளவு வெட்டு விழுகிறதா என்று ஒருவரை ஒருவர் சந்தேகிப்பதில்தான் பெரும்பாலான காலம் கரைகிறது. அதனால் எல்லாக் கடனையும் ஒரே இடத்தில், பிரிவுகளோடு, பதிந்துவைக்கும் பதிவேடு நெருக்கடிக்கு முன்பே இருக்க வேண்டும்.

நல்ல பிரிவுகளையும் கேட்டு வாங்கலாம். கிரெனடா தன் 2015 மறுசீரமைப்பில், புயல் தாக்கினால் தவணையைத் தள்ளிவைக்கலாம் என்ற பிரிவைப் போட்டுவைத்தது. 2024 ஜூலையில் பெரில் புயல் அடித்ததும் அதைப் பயன்படுத்தி இரண்டு தவணைகளைத் தள்ளிவைத்தது. யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தங்கள் இன்னும் சத்தமில்லாதவை. ஓர் அரசுமுறைப் பயணத்தில் "கையெழுத்திட ஏதாவது வேண்டுமே" என்று மாதிரி ஒப்பந்தத்தை அப்படியே ஏற்றுக்கொண்ட நாடுகள் ஏராளம். சிகரெட் பெட்டி எச்சரிக்கைக்காக உருகுவே மீது பிலிப் மோரிஸ் சிகரெட் நிறுவனம் 2010இல் வழக்குப் போட்டது, சுவிட்சர்லாந்துடனான அப்படிப்பட்ட ஓர் ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டுதான். 2016இல் உருகுவே வென்றது, செலவில் 70 லட்சம் டாலர் திரும்பவும் கிடைத்தது. ஆனால் ஆறு ஆண்டுகள் போயின. பாகிஸ்தானுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ரெக்கோ திக் சுரங்க உரிமத்தை மறுத்ததற்காக 2019 ஜூலையில் நடுவர் மன்றம் வட்டியோடு சுமார் 580 கோடி டாலர் தரச் சொன்னது. அதே மாதத்தில்தான் சர்வதேச நாணய நிதியம் பாகிஸ்தானுக்குச் சுமார் 600 கோடி டாலர் திட்டத்தை அனுமதித்திருந்தது. ஒரு கையில் வாங்கியதை மறு கையில் கொடுக்கும் நிலை. பின்னர் அது பேசித் தீர்க்கப்பட்டது. இந்த வகை ஒப்பந்தத்தை ரத்து செய்தாலும் ஏற்கெனவே வந்த முதலீட்டுக்கு அது மேலும் பத்து, பதினைந்து ஆண்டுகள் செல்லும் என்ற பிரிவு பெரும்பாலும் இருக்கும். புதுப்பிக்கும் தேதி வருவதற்கு முன்பே திருத்தம் கேட்பதுதான் மலிவான வழி.

கையெழுத்துக்கு ஒரு வாசல்

கூட்டக் குறிப்பு, கூட்டறிக்கை, புரிந்துணர்வுக் குறிப்பு எல்லாம் வெறும் காகிதம் என்ற நினைப்பு பலருக்கு உண்டு. பஹ்ரைனைக் கேட்டால் தெரியும். 1990 டிசம்பரில் தோஹாவில் நடந்த வளைகுடா நாடுகளின் மாநாட்டில், கத்தார், பஹ்ரைன், சவுதி அரேபியா மூன்றின் வெளியுறவு அமைச்சர்களும் ஒரு கூட்டக் குறிப்பில் கையெழுத்திட்டனர். சவுதி மன்னரின் சமரச முயற்சி 1991 மே வரை தொடரட்டும், அதற்குப் பின் கத்தாருக்கும் பஹ்ரைனுக்கும் இடையிலான தீவுத் தகராறை சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம் என்பது சாரம். கத்தார் அதை ஜூனில் ஐ.நா. செயலகத்தில் பதிவு செய்தது, ஜூலையில் வழக்குப் போட்டது. சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் எண்ணமே தனக்கு இருக்கவில்லை என்றார் பஹ்ரைன் அமைச்சர். எண்ணம் என்ன என்பது தேவையில்லை, தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதே போதும் என்று 1994இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1975இல் கேமரூன், நைஜீரியா அரசுத் தலைவர்கள் மரூவாவில் கையெழுத்திட்ட எல்லைப் பிரகடனத்தின் கதையும் இதே மாதிரி. தன் உயர் ராணுவ மன்றம் அதை ஒப்புக்கொள்ளவில்லை என்று நைஜீரியா வாதாடியது. 2002இல் அதே நீதிமன்றத்தில் அந்த வாதம் தோற்றது. அரசுத் தலைவர் கையெழுத்திட்டால் அது நாட்டின் கையெழுத்து. உள்நாட்டு நடைமுறையைப் பின்பற்றவில்லை என்பது மற்ற நாட்டின் கவலை அல்ல.

நடைமுறை விதி எளிது: எந்த அமைச்சகமானாலும் வெளிநாட்டோடு போடும் எந்தத் தாளும் ஒரு சட்டப் பிரிவின் வழியாகவே போக வேண்டும். அங்கே நான்கு பேர் போதும், ஆனால் பயணக்குழுவில் ஒருவர் கட்டாயம் போக வேண்டும். நள்ளிரவில் மாறும் வரிகள்தான் ஆபத்தானவை. தலைநகரில் இருப்பவருக்கு அவை மறுநாள்தான் தெரியும்.

ஆட்களை எங்கே வைப்பது

தூதரகம் என்றால் தலைநகரங்களின் பட்டியல் என்று நினைக்காமல், முடிவுகள் எங்கே எடுக்கப்படுகின்றன என்று பாருங்கள். நியூயார்க், ஜெனீவா, ஐரோப்பிய ஒன்றியத்துக்காக பிரஸ்ஸல்ஸ், அண்டை நாடுகள், மிகப் பெரிய கடன்காரர், மிகப் பெரிய சந்தை, நம் மக்கள் அதிகமாக வேலை செய்யும் நாடுகள். இவ்வளவுக்கும் பிறகு ஆள் மிஞ்சினால் மற்றவை. மரியாதைக்காகத் திறந்த தூதரகங்கள்தான் பட்ஜெட்டைத் தின்னும். திறப்பது ஒரு பயணத்தின் பரிசு. மூடுவது அவமதிப்பாகப் பார்க்கப்படும்.

சிக்கன வழிகள் சட்டத்திலேயே இருக்கின்றன. 1961 வியன்னா உடன்படிக்கையின் 5ஆவது பிரிவு ஒரே தூதரைப் பல நாடுகளுக்கு நியமிக்கவும், 6ஆவது பிரிவு பல நாடுகள் சேர்ந்து ஒருவரையே நியமிக்கவும் வழி தருகிறது. கிழக்குக் கரீபிய நாடுகள் மொராக்கோவின் ரபாத்தில் கூட்டாகத் தூதரகம் நடத்துகின்றன. நியூயார்க்கிலும் ஜெனீவாவிலும் காமன்வெல்த் அமைப்பு சிறிய நாடுகளுக்கென்று பகிர்வு அலுவலகம் வைத்திருக்கிறது. கௌரவத் தூதர்கள் சான்றிதழ் வேலைக்கும் சிறைக்குப் போய்ப் பார்க்கவும் உதவுவார்கள், பேச்சுவார்த்தைக்கு உதவமாட்டார்கள். அவர்கள் உள்ளூர் வியாபாரிகள் என்பதை மறக்க வேண்டாம்.

ஆள் விஷயத்தில் மிகப் பெரிய விரயம் இடமாற்றம். உலக வர்த்தக அமைப்பின் மீன்பிடி மானியப் பேச்சை மூன்று ஆண்டு கற்றுத் தேறியவரை அடுத்து விசா பிரிவுக்கு அனுப்புவது, வந்தவருக்குக் கோப்பே ஒப்படைக்கப்படாமல் இருப்பது எல்லாம் நிறைய நாடுகளில் நடக்கிறது. வர்த்தகம், கடன், கடல் எல்லை, காலநிலை நான்குக்கும் பத்தாண்டாவது அதே துறையில் இருக்கும் இருவர் வீதம் எட்டுப் பேரை வளர்த்தால் போதும்.

சின்ன விஷயம், ஆனால் மானம் போகும்: ஐ.நா. சந்தா நிலுவை இரண்டு முழு ஆண்டுத் தொகையைத் தொட்டால் சாசனத்தின் 19ஆவது பிரிவுப்படி பொதுச்சபையில் வாக்குரிமை போகும். மிக ஏழை நாடுகளின் பங்கு மொத்த வரவுசெலவில் 0.001 சதவீதம்தான். பணம் இல்லாமல் போவதைவிட, நிதி அமைச்சகத்தில் யாரோ கோப்பை நகர்த்தாமல் போவதே பல நேரம் காரணம்.

எந்தக் கூட்டத்தில் சேர்வது

வளரும் நாடுகளின் கூட்டணியான 77 நாடுகள் குழுவில் இப்போது 134 நாடுகள். அங்கே ஒத்த கருத்து வருவது பெரும்பாலும் பொதுவான வார்த்தைகளில் மட்டுமே. பேரத்துக்குச் சிறிய, பொருள் குறித்த கூட்டணிதான் சரி, அதுவும் அந்தப் பொருளில் கணிசமான பங்கு நம் கையில் இருந்தால். பசிபிக்கின் நவுரு உடன்படிக்கை நாடுகள் எட்டு. 1982இலேயே சேர்ந்துவிட்டாலும் திருப்பம் வந்தது 2007இல் தொடங்கிய கப்பல்-நாள் முறையால். தங்கள் கடலில் சூரை மீன் பிடிக்கும் கப்பல்களுக்கு ஆண்டுக்கு மொத்தம் இத்தனை நாள்தான் என்று வரம்பு வைத்து, அந்த நாட்களைத் தங்களுக்குள் பிரித்து, குறைந்தபட்ச விலைக்குக் கீழே விற்பதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். 2012இல் நாளுக்கு 5,000 டாலர், 2015இல் 8,000. 2010இல் சுமார் 6 கோடி டாலராக இருந்த வருவாய் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 50 கோடியை நெருங்கியது. இது நடந்ததற்குக் காரணங்கள் உண்டு: மீன் அவர்கள் கடலில்தான் இருந்தது, உறுப்பினர் எண்ணிக்கை சிறியது, யாராவது மலிவாக விற்றால் உடனே தெரிந்துவிடும். இந்த மூன்றும் இல்லாத காபி, கோகோ கூட்டணிகள் விலையை நீண்ட காலம் பிடித்துவைக்க முடியாமல் திணறியதை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பொருள் இல்லாத இடத்தில் சட்டம் கைகொடுக்கும். சுமார் மூன்று லட்சம் மக்கள் உள்ள வனுவாட்டு, காலநிலைக் கடமைகள் பற்றி சர்வதேச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்கும் தீர்மானத்தை 2023 மார்ச் 29 அன்று பொதுச்சபையில் வாக்கெடுப்பே இல்லாமல் நிறைவேற்றியது. 2025 ஜூலை 23இல் கருத்து வந்தது. கிழக்குத் திமோருக்கு எதிரே இன்னும் கடினமான சுவர் இருந்தது. 2002இல் அது சுதந்திரம் பெற இரண்டு மாதம் இருக்கையில், கடல் எல்லை வழக்குகளில் கட்டாயத் தீர்ப்பை ஏற்பதிலிருந்து ஆஸ்திரேலியா விலகிக்கொண்டது. கடல் சட்ட உடன்படிக்கையில் யாரும் அதுவரை பயன்படுத்தியிராத கட்டாயச் சமரசப் பிரிவை 2016இல் திமோர் தேடி எடுத்தது. முடிவு யாரையும் கட்டுப்படுத்தாது, ஆனால் வரமாட்டேன் என்று சொல்ல முடியாது. 2018 மார்ச் 6இல் எல்லை ஒப்பந்தம் கையெழுத்தானது. அண்டை நாட்டோடு உறவைக் கெடுக்காமலும் வழக்காடலாம் என்பதற்கு வங்கதேசம் சாட்சி. இந்தியாவுடனான கடல் எல்லை வழக்கின் 2014 தீர்ப்பில் தகராறுக்குரிய 25,602 சதுர கிலோமீட்டரில் 19,467 அதற்குப் போனது, இந்தியா தீர்ப்பை ஏற்றுக்கொண்டது.

வல்லரசுகள்

இவ்வளவு வேலையும் முடிந்த நாட்டுக்கு, யார் பக்கம் என்ற கேள்வி துறைவாரியாக உடைந்துவிடும்: துறைமுகத்தில் ஒருவர், ஆயுதத்தில் இன்னொருவர், சந்தையில் மூன்றாமவர். வியட்நாம் இதைத் திருத்தமாகச் செய்கிறது. 1995இல் அமெரிக்காவோடு உறவை இயல்பாக்கி, அதே மாதத்தில் ஆசியானிலும் சேர்ந்தது. 2007இல் உலக வர்த்தக அமைப்பு. 2020இல் ஐரோப்பாவுடன் வர்த்தக ஒப்பந்தம். ராணுவக் கூட்டணி இல்லை, ஒருவரோடு சேர்ந்து இன்னொருவரை எதிர்ப்பதில்லை, அந்நியத் தளம் இல்லை, பலத்தைப் பயன்படுத்துவதும் மிரட்டுவதும் இல்லை என்று நான்கு மறுப்புகளை முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறது. 2023 செப்டம்பரில் அமெரிக்க அதிபரும் டிசம்பரில் சீன அதிபரும் ஹனோய்க்கு வந்தார்கள். விதி முன்பே தெரிந்திருந்தால் "முடியாது" என்பது அவமதிப்பாகாது.

இது பிசகும் இடங்கள் இரண்டு. ஒன்று, ஒரே பொருளை இருவருக்கும் வாக்களிப்பது: ஒரே துறைமுக முனையம், ஒரே சுரங்கம். இரண்டுபேரும் ஒருநாள் தாள்களை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். மற்றொன்று ஆயுதக் கொள்முதல். விமானம் வாங்கும் முடிவு ஓர் ஆண்டுடையது. உதிரிபாகம், மென்பொருள், பயிற்சி மூன்றும் முப்பது ஆண்டுகளுக்கு விற்றவர் கையில். சமநிலை பேசிக்கொண்டே தற்செயலாக ஒரு பக்கம் போய்ச் சேர்வது பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான்.

உள்ளே இருக்கும் இயந்திரம்

மாதம் ஒருமுறை வெளியுறவு, நிதி, வர்த்தகம், எரிசக்தி, தொழிலாளர், பாதுகாப்பு ஆகியவற்றின் செயலாளர்கள் கூடும் குழு ஒன்று போதும். தலைமை அரசுத் தலைவரின் அலுவலகத்தில் இருக்க வேண்டும், வெளியுறவு அமைச்சகத்தில் இருந்தால் நிதித்துறை வராது. வெளிநாட்டில் உழைப்போர் விவகாரத்தைத் தொழிலாளர் அமைச்சகத்திடம் மட்டும் விடுவதும் தவறு. பிலிப்பைன்ஸ் 1995இலேயே தனிச் சட்டம் போட்டு, தொழிலாளருக்குப் பாதுகாப்பு உள்ள நாடுகளுக்கு மட்டுமே ஆள் அனுப்பலாம் என்று எழுதிக்கொண்டது. அதனால் அதன் தூதர்கள் பேச்சுக்கு உட்காரும்போது கையில் ஒரு நெம்புகோல் இருக்கிறது.

பதவியேற்றுப் போகும் ஒவ்வொரு தூதருக்கும் ஒரு பக்க ஆணைக் கடிதம் கொடுக்க வேண்டும்: நாட்டின் இலக்குகளில் இவருடைய பொறுப்பு எது, அந்தத் தலைநகரில் முடிவெடுக்கும் பத்துப் பேர் யார், முதல் ஆண்டுக்குள் என்ன முடிய வேண்டும், எதைச் செய்ய வேண்டியதில்லை. தேசிய தின விருந்து, வரவேற்பு, நினைவுப் பரிசுப் படங்கள் ஆகியவை ஆண்டறிக்கையில் இடம்பெறக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை சார்புப் பட்டியலை அதே நான்கு அலுவலகங்கள் புதுப்பிக்கும். அப்போது எண் நகராத இலக்குக்குப் பொறுப்பானவர் குழு முன் வந்து, அடுத்த ஆண்டுக்கு ஆள் கூடுதலாகக் கேட்கிறாரா அல்லது இலக்கையே எடுத்துவிடச் சொல்கிறாரா என்று எழுத்தில் தர வேண்டும்.